பால் குடிச்சதும் லூஸ் மோஷன்... குழந்தைக்குப் பாலை நிறுத்தறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஒன்றரை வயசுக் குட்டிக்குக் காலையில் ஒரு டம்ளர் பால் கொடுக்கிறீங்க. அடுத்த ஒரு மணி நேரத்துல வயிறு கடமுடன்னு சத்தம் போடுது, காத்து பிரியுது, டயப்பர் நனைஞ்சு வழியுது. நாலு நாளா இதே கதை. ‘பால் மாந்தம்டி இது, கொஞ்ச நாளைக்குப் பாலையே கண்ணுல காட்டாதே’ என்கிறார் பாட்டி. ‘அது லாக்டோஸ் இன்டாலரன்ஸ், என் பையனுக்கும் இருந்துச்சு’ என்று ஃபேமிலி குரூப்பில் வாய்ஸ் நோட் போடுகிறார் சித்தி. கூகுள் பண்ணிப் பார்த்தா அறிகுறி எல்லாம் அச்சு அசலா ஒத்துப்போகுது. சாயந்திரத்துக்குள்ள வீட்டில் பால் நின்னுடுது, டெலிவரி ஆப்ல பாதாம் பால் ஆர்டர் ஆகிடுது.

பாட்டி சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை, சித்தியின் சந்தேகம் சரியாகவும் இருக்கலாம். சிக்கல் வேற இடத்துல இருக்கு. பாலை நிறுத்திய தேதி வீட்டில் எல்லாருக்கும் தெரியும். திரும்ப ஆரம்பிக்கிற தேதி யாருக்கும் தெரியாது. ‘கொஞ்ச நாள்’ என்பது ஆறு மாசம், ஒரு வருஷம் என்று நீண்டுகொண்டே போகும். எலும்பு வளர்கிற வயசுல கால்சியம் குறையும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வயிற்றுப்போக்குக்கு உண்மையான காரணம் வேறொன்றாக இருந்தால், பால் மேல் பழி போட்டதாலேயே அது கவனிக்கப்படாமல் போகும்.

அதனால், சந்தேகம் வந்தா என்ன செய்யணும், எத்தனை நாள் செய்யணும், எப்படித் திரும்ப ஆரம்பிக்கணும்னு வரிசையா பார்த்துடலாம். முதல்லயே ஒரு விஷயம்: இது 1 முதல் 3 வயசு வரையிலான குழந்தைகளுக்கானது. ஒரு வயசு நிரம்பாத குழந்தைன்னா வீட்டுச் சோதனையே வேண்டாம், நேரா குழந்தைகள் நல மருத்துவரிடம் போயிடுங்க.

வயிற்றுக்குள்ள என்னதான் நடக்குது?

பாலில் இருக்கிற சர்க்கரைக்குப் பேர் லாக்டோஸ். 100 மில்லி பசும்பாலில் சுமார் 5 கிராம் வரை இருக்கும். இந்தச் சர்க்கரையை உடல் அப்படியே உறிஞ்சிக்க முடியாது. சிறுகுடலின் உள்சுவரில் சுரக்கிற லாக்டேஸ் என்ற என்சைம்தான் அதை இரண்டாக உடைத்து, உடல் எடுத்துக்கொள்ளும்படி கொடுக்கும்.

லாக்டேஸ் போதாமல் போனால், உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும். மாவு புளிக்கும்போது பொங்குதே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான்: வாயு உண்டாகும், அமிலம் உண்டாகும், குடலுக்குள் தண்ணீரும் இழுக்கப்படும். அதனால்தான் வயிறு உப்பும், சத்தம் போடும், மலம் தண்ணியா, நுரையோடு, புளிச்ச வாசனையோடு போகும். அமிலத்தன்மை அதிகமா இருக்கிறதால ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து புண்ணாகும். பெரும்பாலும் பால் குடிச்ச அரை மணி நேரத்துல இருந்து 2 மணி நேரத்துக்குள்ள இதெல்லாம் தெரியும்.

இதுல முக்கியமானது அளவு. லாக்டேஸ் குறைவா இருக்குன்னா, ஒரு சொட்டுப் பால்கூட ஆகாதுன்னு அர்த்தம் இல்லை. ஒரே மூச்சுல 200 மில்லி குடிச்சா கலங்குற வயிறு, 50 மில்லியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தா பேசாம இருக்கலாம்.

எப்போ ஆரம்பிச்சது? இதுதான் முதல் கேள்வி

லாக்டோஸ் சகிப்பின்மை எல்லாம் ஒரே வகை கிடையாது. உங்க குழந்தைக்கு எது பொருந்தும்னு கண்டுபிடிக்க, தொந்தரவு எப்போ தொடங்கியதுன்னு யோசிங்க.

பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத நிலை உலக அளவிலேயே மிக மிக அபூர்வம். அப்படி இருந்தால் பிறந்த சில நாள்களிலேயே, தாய்ப்பால் குடிக்கும்போதே கடுமையான வயிற்றுப்போக்கு வந்திருக்கும். ஒரு வயசு வரைக்கும் நல்லா வளர்ந்த குழந்தைக்கு இது இருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது, வயசு ஏற ஏற லாக்டேஸ் சுரப்பு குறைவது. இது நோயே இல்லை, மனித உடலின் இயல்பு. உலக மக்கள்தொகையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இப்படிக் குறைகிறது. நம்ம நாட்டில் வடக்கில் இருப்பவர்களைவிடத் தெற்கில் இருப்பவர்களிடம் இது அதிகம். ஆனால், இது மெதுவாக நடக்கிற விஷயம். தொந்தரவு தெரிய ஆரம்பிப்பது பெரும்பாலும் 5 வயசுக்கு அப்புறம்தான். ‘எனக்கும் பால் சேராது, அதான் குழந்தைக்கும் சேரலை’ என்று அப்பாவோ அம்மாவோ சொல்வது, ஒன்றரை வயசுக் குழந்தை விஷயத்தில் பெரும்பாலும் பொருந்தாது.

மூன்றாவதுதான் இந்த வயசில் அதிகம் பார்க்கிற வகை. ரோட்டா வைரஸ் மாதிரியான கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தால், சிறுகுடலின் உள்சுவர் பாதிக்கப்படும். லாக்டேஸ் சுரக்கிற இடமே அதுதான் என்பதால் சுரப்பும் தற்காலிகமாகக் குறையும். காய்ச்சல், வாந்தி எல்லாம் சரியாகி, குழந்தை விளையாட ஆரம்பிச்ச பிறகும் பால் குடிச்சா மட்டும் வயிறு கலங்கும். குடல் சுவர் ஆறினதும் லாக்டேஸ் திரும்ப வந்துடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு 2 முதல் 4 வாரம், சிலருக்கு இன்னும் சில வாரங்கள் ஆகும்.

அதாவது, போன வாரம் வயிற்றுப்போக்கு வந்து போன குழந்தைன்னா, அதன் வயிறு கேட்கிறது கொஞ்சம் ஓய்வு. நிரந்தரத் தடை இல்லை.

சகிப்பின்மை வேற... அலர்ஜி வேற!

இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதுதான் பெரிய தவறு. லாக்டோஸ் சகிப்பின்மை என்பது சர்க்கரையைச் செரிக்க முடியாத பிரச்னை. பால் அலர்ஜி என்பது பாலில் இருக்கிற புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாக நினைத்துத் தாக்குவது. முதலாவது வயிற்றைப் படுத்தும், ஆனால் அலர்ஜியைப்போல உயிருக்கு ஆபத்தான எதிர்வினையைத் தூண்டாது. அலர்ஜி சில குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

வித்தியாசத்தை இப்படிப் பாருங்க:

* வயிற்றோடு நின்றுவிட்டால் (உப்புசம், வாயு, தண்ணியாக மோஷன், வலி) லாக்டோஸ் மீது சந்தேகப்படலாம்.
* தோலில் தடிப்பு, அரிப்பு, உதடு, முகம் வீங்குதல், திரும்பத் திரும்ப வாந்தி, இழுப்பு, மலத்தில் ரத்தம் அல்லது சளி... இவை இருந்தால் அலர்ஜியாக இருக்கலாம்.
* லாக்டோஸ் பிரச்னையில் கொஞ்சமாகக் கொடுத்தால் பெரும்பாலும் தாங்கும். அலர்ஜியில் ஒரு ஸ்பூன்கூட எதிர்வினையைத் தூண்டலாம்.
* லாக்டோஸ் இல்லாத பால், தயிர், மோர் எல்லாம் முதல் பிரச்னைக்கு உதவும். அலர்ஜிக்கு உதவாது. ஏன்னா, புரதம் அதிலும் அப்படியே இருக்கு.

‘பசும்பால் சேரலைன்னா ஆட்டுப்பால் கொடு’ என்று சொல்வாங்க. ஆட்டுப்பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு லாக்டோஸ் உண்டு. புரதமும் பசும்பால் புரதத்தை ஒத்ததுதான் என்பதால், பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. ஆக, ரெண்டு பிரச்னைக்கும் அது தீர்வு இல்லை.

அலர்ஜின்னு சந்தேகம் இருந்தால், கீழே சொல்லப்போகிற சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. பால் கொடுத்ததும் முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே 108-க்கு போன் பண்ணுங்க.

டாக்டரிடம் உடனே போக வேண்டியது எப்போ?

* 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருந்தால். வாய் காய்ந்து, கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல் இருந்தால்
* குழந்தை சோர்ந்து படுத்துக்கொண்டு, எழுப்பினாலும் சரியாக முழிக்காமல் இருந்தால்
* மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, அதிகக் காய்ச்சல் இருந்தால்
* எடை குறைந்தால் அல்லது சில மாதங்களாக ஏறவே இல்லை என்றால்
* வயிற்றுப்போக்கு 14 நாளைத் தாண்டினால்

வயிற்றுப்போக்கு நடந்துகொண்டிருக்கும்போது முதல் வேலை, இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டுவது. ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் துத்தநாகச் சத்து மருந்து 14 நாளைக்குக் கொடுப்பது வழக்கம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரெண்டும் இலவசமாகவே கிடைக்கும். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்த முதல் நாளே பாலை நிறுத்தணும்னும் அவசியம் இல்லை. இட்லி, குழைந்த சாதம், பருப்புத் தண்ணீர், தயிர் சாதம் எல்லாம் கொடுக்கலாம். வயிறு சரியில்லாதபோது பாட்டி தயிர் சாதம் பிசைந்து ஊட்டுவது அருமையான வழக்கம். பால் தயிராகும்போது பாக்டீரியா அதன் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மிச்சத்தைச் செரிக்கவும் உதவும்.

பாலுக்கு முன்னால் விசாரிக்க வேண்டியவை

பாலை நிறுத்துவதற்கு முன்னாடி, ஒரு மூணு நாள் குழந்தை வாயில் போகிற எல்லாத்தையும் போன் நோட்ஸ்ல எழுதுங்க. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, மோஷன் எப்போ, எப்படி இருந்தது. அவ்வளவுதான். டாக்டரிடம் போகும்போது இந்தக் குறிப்பு ரொம்ப உதவும். எழுதும்போதே நீங்க சிலதைக் கண்டுபிடிச்சிடுவீங்க.

பாக்கெட் ஜூஸ் ஒரு முக்கியமான சந்தேக நபர். அதிலிருக்கும் பழச் சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால், செரிக்காத லாக்டோஸ் செய்யும் அதே வேலையைச் செய்யும். இருமல் சிரப் சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டாலும் மலத்தை இளக்கும். சமீபத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அதுவும் காரணமாகலாம். சரியாகக் கொதிக்க வைத்துக் கழுவாத ஃபீடிங் பாட்டிலும், ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணியும் பட்டியலில் உண்டு.

இன்னொன்று, பாலே அளவுக்கு மிஞ்சிப் போவது. ‘சாப்பிடவே மாட்டேங்கிறா, பாலாவது குடிக்கட்டும்’னு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை கொடுக்கிற வீடுகள் உண்டு. இந்த வயசுக்கு 350 முதல் 500 மில்லி போதும். அதைத் தாண்டினால் பசி கெடும், சாப்பாடு குறையும், இரும்புச் சத்துக் குறைபாடும் ரத்தசோகையும் வரும். அளவைக் குறைத்து, மூணு வேளையாகப் பிரிச்சுக் கொடுத்தாலே பல குழந்தைகளுக்கு வயிறு சரியாகிடும்.

2 வாரச் சோதனை: எப்படிச் செய்வது?

இதெல்லாம் பார்த்த பிறகும் பால் மீதே சந்தேகம் இருந்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு இந்தச் சோதனையைத் தொடங்குங்க.

முதல் படி: தொடங்கும் தேதி, முடியும் தேதி ரெண்டையும் காலண்டரில் குறிச்சிடுங்க. 2 வாரம், அவ்வளவுதான்.

இரண்டாவது படி: வழக்கமான பாலுக்குப் பதில் லாக்டோஸ் ஃப்ரீ பால் கொடுங்க. அமுல் உட்பட சில நிறுவனங்கள் இதை விற்கின்றன. இது நிஜமான பசும்பால்தான். தொழிற்சாலையிலேயே லாக்டேஸ் சேர்த்து லாக்டோஸை உடைத்திருப்பார்கள், அதனால் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும். கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கும். இதில் இன்னொரு வசதி, சோதனை சுத்தமாக இருக்கும். பாலில் லாக்டோஸை மட்டும் எடுத்துவிட்டதும் வயிறு சரியானால், பிரச்னை லாக்டோஸ்தான் என்பது கிட்டத்தட்ட உறுதியாகும். அப்போதும் சரியாகவில்லை என்றால், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

மூன்றாவது படி: மறைந்திருக்கும் பாலைக் கவனிங்க. பிஸ்கட், பிரெட், மால்ட் பானப் பவுடர், பாக்கெட் குழந்தை உணவு, சாக்லேட் எல்லாவற்றிலும் பால் இருக்கலாம். லேபிளில் மில்க் சாலிட்ஸ், மில்க் பவுடர், வே பவுடர், லாக்டோஸ் என்ற வார்த்தைகளைத் தேடுங்க. பால்கோவா, பேடா, ஐஸ்க்ரீம், பாயசம் வேண்டாம். நெய்யில் லாக்டோஸ் இல்லைன்னே சொல்லலாம், தாராளமாகச் சாதத்தில் விடலாம். தயிரைப் பெரும்பாலான குழந்தைகள் தாங்கும் என்றாலும், இந்த 2 வாரம் மட்டும் அதையும் தள்ளி வெச்சா முடிவு தெளிவாத் தெரியும்.

நான்காவது படி: 15-வது நாள் பழைய பாலைத் திரும்பக் கொடுத்துப் பாருங்க. பலரும் விட்டுவிடும் படி இதுதான். ‘நிறுத்தினதும் சரியாகிடுச்சே, அப்புறம் எதுக்கு?’ன்னு தோணும். ஆனால், வயிற்றுப்போக்கு தானாகவே சரியாகிற காலமும் இதேதான். திரும்பக் கொடுத்தபோது பிரச்னை திரும்ப வந்தால்தான் லாக்டோஸ் காரணம் என்று சொல்ல முடியும். வரவில்லையா? சந்தோஷம், வழக்கமான பாலுக்கே திரும்பிடலாம்.

மலத்தின் அமிலத்தன்மையையும், செரிக்காத சர்க்கரை இருக்கிறதா என்பதையும் பார்க்கும் எளிய மலப் பரிசோதனையை டாக்டர் எழுதித் தரலாம். மூச்சுக் காற்றில் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனை பெரியவர்களுக்குச் செய்வது. சொன்னபடி மூச்சு விட வேண்டும், மணிக்கணக்கில் உட்கார வேண்டும் என்பதால் இந்த வயசுக் குழந்தைகளுக்குச் செய்வது கஷ்டம். ஆன்லைனில் விற்கும் ‘100 உணவுகளுக்கான இன்டாலரன்ஸ் டெஸ்ட்’ வகையறாக்களுக்குப் பணம் கட்ட வேண்டாம். ரத்தத்தில் ஐஜிஜி பார்த்துச் சொல்லும் அந்த முடிவுகள் லாக்டோஸ் பிரச்னையைக் காட்டாது.

பாதாம் பால், ராகிக் கஞ்சி... பாலுக்கு ஈடாகுமா?

1 முதல் 3 வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கு. அதாவது 400 மில்லி பாலே கிட்டத்தட்ட முழுத் தேவையையும் முடிச்சிடும். அதை எடுத்துட்டா அந்த இடத்துல என்ன வரப்போகுதுன்னு கணக்குப் போடணும்.

கேழ்வரகு கால்சியத்துக்குப் பேர் போனதுதான். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். ஆனால், குழந்தைக்கு ஒரு வேளைக் கஞ்சிக்கு நாம போடுறது ரெண்டு டேபிள்ஸ்பூன் மாவு, ஏறத்தாழ 20 கிராம். கணக்குப் போட்டா 70 மில்லிகிராம்தான் வருது. ராகி நல்லது, தினமும் கொடுங்க. ஆனா, ராகி மட்டும் பாலுக்கு ஈடாகாது. அதோடு முருங்கைக்கீரையை மசித்துப் பருப்பில் சேர்க்கலாம், எள்ளை வறுத்துப் பொடித்து இட்லியில் தூவலாம். அசைவம் சாப்பிடும் வீடுன்னா, முள்ளோடு சாப்பிடக்கூடிய சின்ன நெத்திலியை நன்றாக வேக வைத்து மசித்துக் கொடுக்கலாம். சைவ வீடுகளில் வைட்டமின் பி12 பெரும்பாலும் பால், தயிர் வழியாகத்தான் குழந்தைக்குக் கிடைக்கும். அதனால் பாலை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் சப்ளிமென்ட் தேவையான்னு டாக்டரிடம் கேட்டே ஆகணும்.

பாதாம் பாலில் லாக்டோஸ் இல்லைதான். ஆனா புரதம் மிகக் குறைவு. கால்சியம் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. தேங்காய்ப்பாலில் கொழுப்புதான் அதிகம், கால்சியம் சொற்பம். புரதத்தில் பசும்பாலுக்கு ஓரளவு பக்கத்தில் வருவது, கால்சியம் சேர்த்த, சர்க்கரை சேர்க்காத சோயா பானம். அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்க.

தாய்ப்பால் கொடுக்கிறீங்களா?

நிறுத்தாதீங்க. 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருக்கு, அதாவது பசும்பாலைவிட அதிகம். இருந்தாலும், வயிற்றுப்போக்கு சமயத்தில் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தொடரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் எதிர்ப்புக்கும், குடல் ஆறுவதற்கும் அது உதவும். அம்மா காபி, தயிர் எல்லாத்தையும் விட்டாலும் தாய்ப்பாலின் லாக்டோஸ் குறையாது, ஏன்னா அது அம்மாவின் உடலிலேயே உருவாவது. அலர்ஜி இருக்கும்போது மட்டுமே அம்மாவின் சாப்பாட்டில் பாலை நிறுத்தச் சொல்வார்கள், அதுவும் டாக்டர் சொன்னால்.

லாக்டோஸ்தான் காரணம்னு உறுதியாச்சா?

இப்பவும் பயப்பட ஒன்றுமில்லை. இன்னும் 4 முதல் 6 வாரம் லாக்டோஸ் ஃப்ரீ பாலைத் தொடரலாம். அதற்குள் குடல் ஆறுவதற்கு நேரம் கிடைச்சிடும். அப்புறம் ஏணிப்படி மாதிரி ஏறுங்க. முதல் சில நாள் ரெண்டு ஸ்பூன் தயிர். ஒத்துக்கிட்டா ஒரு சின்னக் கிண்ணம். அடுத்து, 30 முதல் 50 மில்லி பாலைச் சாப்பாட்டோடு சேர்த்து. வெறும் வயிற்றில் வேண்டாம். மூணு, நாலு நாளுக்கு ஒரு முறை அளவைக் கூட்டுங்க. ஒரு படியில் வயிறு கலங்கினால் முந்தைய படிக்கு இறங்கி, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி முயற்சி பண்ணுங்க. 8 வாரம் தாண்டியும் ஏற முடியலைன்னா, சீலியாக் போன்ற குடல் பாதிப்புகள் இருக்கான்னு டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும். சீலியாக் பிரச்னையில் கோதுமையில் இருக்கும் குளூட்டன்தான் வில்லன், பாலை எத்தனை மாசம் நிறுத்தினாலும் அது சரியாகாது.

குழந்தையை டே கேரிலோ பாட்டி வீட்டிலோ விட்டுட்டு வேலைக்குப் போறவங்க, அங்கேயும் இதே தகவலைச் சொல்லிடுங்க. ‘பாப்பாவுக்குப் பாலே ஆகாது’ன்னு சொன்னா, அது குழந்தையோட அடையாளமாவே ஒட்டிக்கும். ஸ்கூல் சேர்க்கிற வரைக்கும்கூட யாரும் அதை மாத்த மாட்டாங்க. ‘இந்த மாசம் 20-ம் தேதி வரைக்கும் இந்தப் பாக்கெட் பால் மட்டும், 21-ம் தேதியில இருந்து சாதா பால்’னு எழுதிக் கொடுங்க. அந்தப் பேப்பரை ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டி வைங்க. 21-ம் தேதி காலையில் யார் பால் காய்ச்சினாலும் அது கண்ணுல படும்.